குர்பானி ஆட்டுக்குப் பல் பார்க்கிறோம், கணினிக்கு விளக்கைப் பார்க்கிறோம்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் நாள்களில் ஆட்டுச் சந்தையில் நம்மவர்களைப் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து பல் போட்டிருக்கிறதா என்று பார்ப்போம். காதைத் தூக்கிப் பார்ப்போம். நான்கு அடி நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று பார்ப்போம். மகளுக்கு நகை எடுக்கப் போனால் 916 முத்திரை கண்ணில் படும்வரை பணப்பையைத் திறக்க மாட்டோம். இத்தனை விழிப்புள்ள சமூகம், மகன் கேட்ட கேமிங் கணினிக்கு எழுபதாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறது. "அதெல்லாம் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்" என்கிறோம். பிள்ளைக்கோ கண்ணாடிப் பெட்டிக்குள் சுழலும் வண்ண விளக்கு தெரிகிறது. கடைக்காரருக்கு இருவரையும் தெரிகிறது.

"விளையாட்டே வீண், அதற்கான பொருளை ஆராய்வது அதைவிட வீண்" என்று பெரியவர்கள் சிலர் கூறுவர். விளையாட்டுக்கு எவ்வளவு நேரம் தகும் என்பது வேறு விவாதம். அதை வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். வாங்குவது என்று முடிவான பின்னர், வளைகுடா வெயிலில் ஒரு தந்தை ஈட்டிய பணத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்று அறியாமல் கொடுப்பதற்குத்தான் வீண்விரயம் என்று பெயர். அதே கணினியில்தான் பிள்ளை நாளை கல்லூரிப் பாடத்திட்டப் பணியும் செய்யப் போகிறான்.

முதலில் பெயர்கள். 'ஐ7 கேமிங் கணினி, மலிவு விலை' என்ற விளம்பரத்தைக் காணாதவர் இல்லை. ஐ7 என்பது ஒரு வரிசையின் பெயர். ஆண்டு அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஐ7 3770 என்றால் அது 2012இல் வந்த செயலி. ஐ3 12100எஃப் 2022இல் வந்தது. இரண்டிலும் நான்கு கோர்கள்தான். ஆயினும் பத்தாண்டு இளையதான ஐ3, மூத்த ஐ7ஐ எளிதில் முந்திவிடும். (அந்த 'எஃப்' எழுத்துக்கும் பொருள் உண்டு. உள்ளேயே அமைந்த கிராபிக்ஸ் அதில் இல்லை. தனிக் கார்டு போடாவிட்டால் திரை இருட்டாகவே இருக்கும்.)

கிராபிக்ஸ் கார்டில் இந்த மயக்கம் இன்னும் கூடுதல். ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்கப்பட்டன. ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டது நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும். டிடிஆர்4 கொண்டது 17 ஜிபியைக்கூட எட்டாது. ஆர்டிஎக்ஸ் 3050இன் கதையும் இதுவே. 2022இல் வந்தது 8 ஜிபி. 2024இல் அதே பெயரில் வந்த 6 ஜிபி கார்டில் நினைவகம் மட்டுமன்று, கோர்களும் குறைவு, நினைவகப் பாதையும் குறுகல். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பதை மட்டும் படிப்பவருக்கு இவை தெரிய வழியில்லை.

பணத்தை எங்கே வைப்பது என்று கேட்டால், முதலில் மானிட்டரை முடிவு செய்யுங்கள் என்போம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 படங்களைத்தான் காட்டும். 140 படங்களை உருவாக்கும் கார்டை அதனுடன் இணைத்தால் பாதிக்கு மேல் கண்ணுக்கு எட்டாது. மானிட்டருக்கு ஏற்ற கார்டு, கார்டுக்கு ஏற்ற செயலி. ரேம் 16 ஜிபி என்றால் ஒற்றைத் துண்டாக வாங்காமல் 8 வீதம் இரண்டாக வாங்கினால் இரு பாதையில் தரவு ஓடும். விளக்கு மின்விசிறிகளுக்குக் கடைசி இடம்; பணம் எஞ்சினால்.

ஆனால் நடைமுறையில் விளக்குக்குப் பணம் ஒதுக்க எது வெட்டப்படுகிறது? எஸ்எம்பிஎஸ். எவர் கண்ணிலும் படாத அந்த இரும்புப் பெட்டிதான் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை மாற்றி உள்ளே உள்ள அத்தனைக்கும் ஊட்டுகிறது. மலிவான ஒன்றின் மேல் '450 வாட்' என்று எழுதியிருக்கும். எழுத்தை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் உள்ள அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால், பன்னிரண்டை அதனால் பெருக்குங்கள்: 216 வாட். கார்டும் செயலியும் உண்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றுக்கே 170 வாட் வேண்டும். செயலி எதை உண்ணும்? ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது. '80 பிளஸ்' முத்திரையைக் காட்டி வாயடைக்கும் கடைக்காரரும் உண்டு. மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதற்கே அம்முத்திரை. உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் உண்டா என்பதை அது சொல்லாது. தரமற்ற எஸ்எம்பிஎஸ் பழுதாகும்போது சில வேளை தாய்ப்பலகையையும் கார்டையும் உடன் அழைத்துச் சென்றுவிடும்.

வீட்டுச் சுவரையும் பார்க்க வேண்டும். கணினிப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று தைக்கிறதா? பெரும்பாலும் எர்த் இணைப்பு இல்லை என்று பொருள். எலக்ட்ரீஷியனை அழைக்காமல் காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு விளையாடும் பிள்ளைகள் பல வீடுகளில் உள்ளனர்.

இனிப் பழைய கார்டுகள். எத்தீரியம் நாணயம் 2022 செப்டம்பரில் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதைத் தோண்டுவதற்காக இரவும் பகலும் ஓடிய கார்டுகளுக்கு வேலை போயிற்று; பழைய பொருள் சந்தையில் அவை வந்து குவிந்தன. பயன்படுத்தியதை விற்பது குற்றமன்று. அவற்றில் நன்றாக ஓடுபவையும் உள்ளன. துடைத்துப் புதுப் பெட்டியில் இட்டு, 'வீட்டில் ஆறு மாதம் ஓடியது' என்று விற்பதே குற்றம். நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்திருந்த வணிகரை அண்ணலார் (ஸல்) கண்டித்த நிகழ்ச்சியை ஜும்ஆ மேடையில் கேட்காதவர் நம்மில் எவர்? இத்துறையில் கடை நடத்தும் நம் சகோதரர்களும் அதைக் கேட்டவர்கள்தாம். மூன்று ஆண்டு ஓடிய கார்டின் மின்விசிறியும் வெப்பப் பசையும் அந்த நனைந்த தானியமல்லவா? குறையைச் சொல்லி விலையைக் குறைத்து விற்றால் எவர் தடுக்கப் போகிறார்?

கடைக்குச் செல்லும் தந்தை கணினிப் பொறியாளர் ஆக வேண்டியதில்லை. ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயரையும் மாடல் எண்ணையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அன்றே பணம் கட்ட வேண்டாம். அத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மகனோடு அமர்ந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்; எந்த ஆண்டில் வந்தது, எத்தனை வாட், எத்தனை ஆண்டு வாரண்டி என்று அவனே உங்களுக்குச் சொல்லட்டும். வாங்கும் நாளில் "பில் வேண்டாமென்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்" என்பார்கள். வேண்டாம். அது அரசுக்குச் சேர வேண்டிய பணம். தவிர, ஓராண்டில் கார்டு நின்றுபோனால் பில்லும் வரிசை எண்ணும் இல்லாமல் எவரிடம் போய் நிற்பீர்கள்? மாடல் எண்ணை எழுதித் தர மறுக்கும் கடையில் வாதாட வேண்டியதில்லை. சென்னை ரிச்சி தெருவில் பத்தடி நடந்தால் அடுத்த கடை இருக்கிறது.