‘கணக்கு’ன்னு தேடினா ஏன் வரலை?

எங்கள் ஊரை அரசு போர்டில் ‘தருமபுரி’ என்று எழுதியிருப்பார்கள். நாம் எழுதுவது ‘தர்மபுரி’. அதியமான் காலத்தில் இதற்குப் பெயர் தகடூர். மூன்றும் ஒரே ஊர் என்று நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு? யாராவது சொல்லிவைத்தால்தான் தெரியும்.

இது எனக்கு உறைத்தது அப்பாவால். பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி அனுப்பும் வரவு செலவை எழுதிக்கொள்ளட்டும் என்று, உபுண்டு போட்ட பழைய லேப்டாப்பை அவரிடம் கொடுத்திருந்தேன். தேடும் பெட்டியில் ‘கணக்கு’ என்று அடித்திருக்கிறார். ஒன்றும் வரவில்லை. “நமக்கு இங்கிலீஷ் வராது பாப்பா, நோட்டே போதும்” என்று மூடிவைத்துவிட்டார்.

அவர் தேடியது லிப்ரேஆபீஸ் கால்க். அதே பெட்டியில் ‘அக்கவுண்டிங்’ என்றோ ‘எக்செல்’ என்றோ இங்கிலீஷில் அடித்தால் கால்க் வந்து நிற்கும்! பெயரில் அந்த வார்த்தைகள் இல்லையே, எப்படி?

லினக்ஸில் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் ‘டெஸ்க்டாப்’ என்று முடியும் ஒரு சின்ன ஃபைல் உண்டு. அதில் பெயர், ஐகானோடு ‘கீவேர்ட்ஸ்’ என்று ஒரு வரி. மக்கள் எந்தெந்த வார்த்தையில் தேடுவார்கள் என்று யோசித்து, அதை உருவாக்கியவர்கள் அங்கே எழுதிவைக்கிறார்கள். ஒரு பொருளுக்குப் பல பெயர்களைத் திரட்டித் தரும் நம் நிகண்டுகள் செய்த வேலைதான். அப்பா லேப்டாப்பில் அந்த வரியில் ‘கணக்கு’ இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

நாமே சேர்க்கலாமா? தாராளமாக!

* யூஎஸ்ஆர் > ஷேர் > அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் அந்த ஃபைலை காப்பி செய்யுங்கள்.
* ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல் + ஹெச் அழுத்தினால் மறைந்திருப்பவை தெரியும். டாட் லோக்கல் > ஷேர் > அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் பேஸ்ட் செய்யுங்கள். ஒரிஜினலைத் தொட வேண்டாம். அப்டேட் வந்தால் நீங்கள் எழுதியது அழிந்துவிடும்.
* டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, கீவேர்ட்ஸ் வரியின் கடைசியில் உங்கள் வார்த்தைகளைச் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே செமிகோலன் கட்டாயம்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். ஸ்டார்ட் மெனுவில் அப்ளிகேஷனின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். அங்கிருக்கும் ஷார்ட்கட்டை அதே ஃபோல்டரில் காப்பி எடுத்து, ‘கணக்கு’ என்று பெயர் மாற்றுங்கள். இனி அந்தப் பெயரிலும் தேடலாம். சில அப்ளிகேஷன்களுக்கு மட்டும் இந்த ஆப்ஷன் வராது.

என்ன வார்த்தை சேர்ப்பது என்று நீங்களாக யோசிக்காதீர்கள். பயன்படுத்தப்போகிறவரிடமே, “இதை என்னன்னு சொல்லுவீங்க?” என்று கேளுங்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பவர் என்றால் அந்த ஸ்பெல்லிங்கையும் சேருங்கள். அதற்காக அள்ளிக் கொட்டவும் வேண்டாம். ‘படம்’ என்பதைப் பத்து அப்ளிகேஷனில் போட்டால் பத்தும் வந்து நிற்கும். தேடுகிறவர் மறுபடி குழம்புவார்.

அப்பாவிடம் கேட்டேன். ‘கணக்கு’, ‘வரவு செலவு’, ‘சிட்டை’ என்றார். சிட்டை எனக்குத் தோன்றியே இருக்காது. மூன்றையும் சேர்த்தேன். மறுநாள் ‘சிட்டை’ என்று அடித்துத்தான் திறந்தார். நோட்டும் பக்கத்தில் இருக்கிறது, இருக்கட்டும்.

உங்கள் வீட்டிலும் யாராவது “எனக்கு இதெல்லாம் வராது” என்று ஒதுங்கினால், அவர் என்ன வார்த்தை அடித்தார் என்று முதலில் பாருங்கள்.