பாலர்க்கும் ஓர் ஆசிரியர் வேண்டும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழியை நம்மவர் பெரும்பாலும் சிறுவரைக் கண்டித்தற்கே எடுத்தாளுகின்றனர். அது சிறுவரை நோக்கிக் கூறியதன்று. அவரை வளர்க்கும் கடப்பாடுடையாரை நோக்கிக் கூறியதேயாம் என்பது என் கருத்து. வீட்டில் அக்கடப்பாடு பெற்றோரது. நாட்டில் அஃது அரசினரது. ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகள் எல்லார்க்கும் அரசினர் தம் செலவிற் கல்வியளித்தல் வேண்டுமென்பதையும், அதற்கு முதற்கண் வேண்டுவது யாதென்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

யான் பிறந்த எம்.ரெட்டியபட்டி, அருப்புக்கோட்டை திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலுள்ள ஓர் ஊர். மழை பெய்தாற் பருத்தியும் கம்பும் மிளகாயும் விளையும். பொய்த்தால் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்போர் பலர். விடியற்காலையில் நூற்பாலை வேன் வந்து நிற்கும். தாய்மார் ஏறிச் செல்வர். மழலையர்க்குத் தாய்மடியே பள்ளி என்று மேடையிற் பேசுவோர், ஒருநாட் காலை எம் பக்கத்திற்கு வந்து அம்மடியைத் தேடிப் பார்ப்பாராக.

சென்ற கோடை விடுமுறையில், அண்மையிலுள்ள சிற்றூர்ப் பால்வாடி ஒன்றில் ஒரு முற்பகல் அமர்ந்திருந்தேன். பணியாளர் அம்மையார் ஒரு குழந்தையை நிறுத்தார். அந்நிறையைக் கைப்பேசியிற் பதிந்தார். கருவுற்ற பெண்ணொருத்திக்குச் சத்துமாவு வழங்கிப் பதிவேட்டில் எழுதினார். உதவியாளர் அடுப்படியில் இருந்தார். நான்கு வயதுச் சிறுமியொருத்தி சுவரிலிருந்த மீன்கொத்திப் படத்தைத் தொட்டு, "இது என்ன?" என்று வினவினாள். விடையில்லை. மீண்டும் வினவினாள். அம்மையார் கைப்பேசியினின்றும் நிமிர முடியவில்லை. மூன்றாம் முறை அவள் வினவவில்லை. சுவரோரம் சென்று அமர்ந்துகொண்டாள். யான் எழுந்து சென்று பெயரைச் சொன்னேன். ஆயினும், நாள்தோறும் சொல்ல அங்கே யார் உளர்? அம்மையார்மேற் குற்றமில்லை, ஐவர் செய்யும் பணியை ஒருவர்மேல் ஏற்றியதே குற்றம்.

நம் அரசினர் ஒன்றும் செய்திலர் என்று கூறுதல் நன்றிமறத்தலாகும். விருதுநகரிற் பிறந்த காமராசர் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தோன்றியது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிற் சத்துணவு பால்வாடிக் குழந்தைகட்கும் கிடைத்தது. இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. கட்டடம் உண்டு, உணவு உண்டு, கற்பிப்பதனையே தம் பணியாகக் கொண்ட ஒருவர்தாம் இல்லை.

இக்குறைக்குச் சட்டமும் ஒரு காரணம். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45-ஆம் உறுப்பு, பதினான்கு வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகட்கும் இலவசக் கட்டாயக் கல்வியளிக்க அரசு முயலவேண்டுமென்றது. கீழெல்லை ஒன்றும் வகுக்கவில்லை. 2002-இல் நிறைவேறிய 86-ஆம் திருத்தமோ ஆறு முதல் பதினான்கு வயதினர்க்கு மட்டும் அடிப்படை உரிமை வழங்கி, அவரினும் இளையாரை 'அரசு முயலும்' என்னும் அளவில் நிறுத்திற்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்கின்றது. தமிழிலக்கணம் பயிலும் எமக்குச் 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்தல் வேண்டும்' என்பதற்கும் உள்ள வேற்றுமை தெரியும். அவ்வேற்றுமையின் நடுவே ஒரு தலைமுறைக் குழந்தைகள் அமர்ந்திருக்கின்றனர்.

2019-இல் அரசினர், பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புக்களைத் தொடங்கினர். 2022-இல் அவற்றைக் கைவிட எண்ணிப் பின்னர்ப் பொதுமக்கள் வேண்டுகோட்கிணங்கித் தொடர்ந்தனர். இது நன்றே. எனினும் இருபத்துமூன்று மையங்களுள் ஒன்றிற்கே அந்நற்பேறு வாய்த்தது. மற்றை ஊர்களிற் சிறிது வருவாயுடையார் கடன் வாங்கியேனும் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றுகின்றனர். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டின் வழியே, அத்தனியார் பள்ளிகளின் எல்.கே.ஜி. கட்டணத்திற்கு அரசுப் பணமும் செல்கின்றது. பிறர் பள்ளியிற் கொடுக்கும் பொருளைத் தம் பால்வாடியிற் கொடுத்தற்குத் தயங்குவதேன்?

பயன் விளையுமோ என்று ஐயுறுவார்க்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. தமிழ்நாட்டு அங்கன்வாடிகள் 320-ஐத் தேர்ந்து, அவற்றுட் பாதியில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநாட் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தி ஆராய்ந்தனர். கற்பிக்கும் நேரம் இருமடங்காயிற்று. பதினெட்டுத் திங்களில் குழந்தைகளின் மொழியறிவும் கணக்கறிவும் வளர்ந்தன. பழைய பணியாளர்க்கு ஓய்வு கிடைத்தமையின் ஊட்டக்குறைவுங் குறைந்தது. ஓர் ஊதியத்தால் இருபயன் விளைந்தமை காண்க.

பொருளில்லை என்பார் சிலர். மதிய உணவிற்கும் அன்று அவ்வாறே கூறினர். பச்சிளங் குழவிகளை ஆங்கில எழுத்துக்களால் வாட்டுவதோ என்பார் வேறு சிலர். அவ்வச்சம் நியாயமானதே; யாம் வேண்டுவது அதுவன்று. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் உரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் சேரியில், பெற்றோர் வேலைக்குச் சென்ற குழந்தைகட்கென்றே தம் முதற் பள்ளியைத் திறந்தார். 1939-இல் சென்னை அடையாற்றிற்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். கையாற் செய்து, கண்ணாற் கண்டு, தாய்மொழியில் வினவி அறிதலே அவ்வயதிற்குரிய கல்வி. அதற்கு வேண்டுவது வினாவிற்குச் செவிசாய்க்கும் ஒருவர்.

மாணவ நண்பர்களே, நம்முட் பலர் நாளை ஆசிரியராவோம், சிலர் அதிகாரிகளாவோம். இப்பொழுதே நம் ஊர்க் கிராமசபையில் எழுந்து இதனைக் கேட்போம். அரசினரும் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் மையந்தோறும் ஓர் அரைநாள் ஆசிரியர்க்கு இடம் வகுத்து, வறண்ட வட்டாரங்களிலிருந்து அதனைத் தொடங்குவாராக. அச்சிறுமிக்கு வரும் ஆண்டில் ஐந்து வயது நிறையும். அவள் பொருட்டேனும் இது விரைந்து செய்யத்தக்கது.