காயக்காரரை ஏற்றிய ஹெலி



ஹெலிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடிய காலம் எங்களில் பலருக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் இம்மாதம் ஒரு ஹெலிகொப்டர் ஓட்டியைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் சிலருக்கு மனம் கசக்கக்கூடும். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். இவர் காட்டுக்குள் ஹெலியை இறக்கி, காயப்பட்டவர்களை ஏற்றி வந்த ஒரு பெண் டொக்டர். பெயர் வலெரி ஆந்த்ரே.

பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி இவர் பிறந்தார். ஒன்பது பிள்ளைகள் உள்ள வீடு. பறக்க வேண்டும், டொக்டராக வேண்டும் என்ற இரண்டு ஆசைகளும் சின்ன வயதிலேயே இவரிடம் இருந்தன. பதினாறு வயதில் விமானம் ஓட்டப் பழகத் தொடங்கினார். ஆனால் 1939இல் உலகப்போர் வந்தது. ஸ்ட்ராஸ்பூர்க் ஜேர்மனியின் எல்லையில் உள்ள நகரம். சனங்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். பல்கலைக்கழகமே இடம்பெயர்ந்து கிளெர்மோன் ஃபெரோன் என்ற ஊருக்குப் போனது.

இடம்பெயர்ந்த அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் வலெரி மருத்துவம் படித்தார். அங்கும் நிம்மதி இல்லை. 1943 நவம்பர் 25ஆம் திகதி ஜேர்மனியப் பொலிசார் பல்கலைக்கழகத்தைச் சுற்றிவளைத்தார்கள். மாணவர்களும் விரிவுரையாளர்களும் பிடிக்கப்பட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். வலெரி தப்பிப் பாரிசுக்குப் போய் அங்கே படிப்பைத் தொடர்ந்தார். சுற்றிவளைப்பு, பிடித்துக்கொண்டு போதல், பாதியில் நின்ற படிப்பு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

படிப்பு முடிந்ததும் 1948இல் இராணுவ மருத்துவராக இந்தோசீனாவுக்குப் போனார். இன்றைய வியட்நாம் அப்போது பிரான்சின் பிடியில் இருந்தது. விடுதலை கேட்டு அந்நாட்டு மக்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். சைகோன் நகர் மருத்துவமனையில் வலெரி அறுவைச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தார். காட்டுக்குள் இருந்த காவல் முகாம்களில் காயப்படுவோரைத் தெருவழியே கொண்டுவர நீண்ட நேரம் பிடிக்கும். வழியில் பதுங்கித் தாக்குதல் வேறு. மருத்துவமனை வாசலுக்கு வந்து சேரும்போது பலருக்கு உயிர் இருப்பதில்லை.

1950இல் இரண்டு ஹில்லர் ஹெலிகொப்டர்கள் அங்கு வந்தன. அவற்றை ஓட்டிக் காட்டியவர் அலெக்சி சந்தினி என்ற விமானி. அதைப் பார்த்த வலெரிக்கு, டொக்டரே ஹெலியை ஓட்டிக்கொண்டு காயக்காரரிடம் போனால் என்ன என்று பட்டது. பிரான்சுக்குத் திரும்பிப் போய் ஹெலிகொப்டர் ஓட்டப் பழகி வந்தார்.

அந்த ஹெலி மிகச் சிறியது. வெளியே இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்ட்ரெச்சர் கட்டியிருக்கும். வெக்கையும் ஈரப்பதனும் கூடிய காற்றில் அதற்குத் தூக்கும் பலம் இன்னும் குறையும். ஆகவே ஓட்டுபவரின் எடையும் கணக்கில் வரும். வலெரி 50 கிலோவுக்கும் குறைந்த, சிறிய உருவம் கொண்ட பெண். "இந்தச் சின்னப் பெண்ணால் முடியுமா" என்று கேட்கவைக்கும் அந்த உடம்புதான் இரண்டு காயக்காரரைத் தூக்க உதவியது.

1951 டிசெம்பர் 11ஆம் திகதி நடந்ததைக் கேளுங்கள். வடக்கே து வூ என்ற இடத்தில் பலர் காயப்பட்டுக் கிடந்தார்கள். எடுக்கக்கூடிய ஒரே ஹெலி தெற்கே சைகோனில் நின்றது. அதைப் பாகம் பாகமாகக் கழற்றி, பெரிய விமானத்தில் ஹனோய்க்குக் கொண்டுபோய், மறுபடி பொருத்தினார்கள். பனிமூட்டத்துக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் நடுவே வலெரி அதை ஓட்டிப்போய் இறக்கினார். காயக்காரரைப் பார்த்து, யாருக்கு முதலில் என்று பிரித்தார். தாமதிக்க முடியாதவர்களுக்கு அங்கேயே அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு இருவர் இருவராக ஹனோய்க்கு ஏற்றினார்.

வானத்தில் போகும்போது வெளியே ஸ்ட்ரெச்சரில் கிடப்பவரைத் தொட்டுப் பார்க்க முடியாது. அதனால் ஏற்றுவதற்கு முன்பே எல்லாம் சரியாகச் செய்யவேண்டும். ஓட்டியே டொக்டராகவும் இருந்ததன் பயன் அதுதான். 1952, 1953ஆம் ஆண்டுகளில் 129 தடவை பறந்து 165 பேரை அவர் மீட்டார். பின்னர் அல்ஜீரியாவில் 365 தடவை பறந்தார்.

இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இரண்டு போரிலும் அவர் இருந்தது பிறர் மண்ணைப் பிடித்து வைத்திருந்த இராணுவத்தில். 1954இல் வியட்நாமில் தோற்ற பிரான்ஸ், 1962இல் அல்ஜீரியாவையும் விட்டு வெளியேறியது. அந்த மண்ணின் தாய்மாருக்கு அந்தப் படையின் ஹெலிச் சத்தம் வேறு விதமாகத்தான் கேட்டிருக்கும். அதற்காக உயிர் பிழைத்த 165 பேரின் தாய்மாருடைய ஆறுதல் பொய்யாகிவிடாது. இரண்டும் உண்மை. போரை அறிந்த எங்களுக்கு இது புதிதல்ல.

அவருடைய குடும்ப வாழ்க்கையும் போர்கள் முடியும்வரை காத்திருந்தது. முதன்முதல் ஹெலியைக் காட்டிய அதே சந்தினியை அவர் 1963இல் மணந்தார். அப்போது அவருக்கு 41 வயது. "இனி என்ன கலியாணம்" என்று எங்கள் ஊரில் சொல்லும் வயது. 1976இல் ஜெனரல் பதவிக்கு உயர்ந்தார். பிரான்சில் அந்தப் பதவியை அடைந்த முதல் பெண் அவரே. பதவி கிடைத்ததோடு நின்றுவிடவில்லை. படையில் வேலை செய்யும் பெண்களின் நிலையை ஆராயும் குழுவுக்கும் தலைமை தாங்கினார். 2025 ஜனவரி 21ஆம் திகதி 102 வயதில் காலமானார்.

சகோதரிகளே, எங்களில் எல்லோரும் ஹெலி ஓட்டப்போவதில்லை. ஆனால் இடம்பெயர்வில் படிப்புக் குழம்பிய பெண்பிள்ளைகள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். "வயது போய்விட்டது, இனி என்ன படிப்பு" என்றும், "உன் உடம்புக்கு இந்த வேலை சரிவராது" என்றும் அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. சில வேளை சொல்வது நாங்களேதான். முகாம் போல இயங்கிய ஒரு பல்கலைக்கழகத்தில் படித்த பெண் பிறகு எத்தனை பேரைத் தூக்கி வந்தாள் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். விட்ட பரீட்சையை மறுபடி எழுத, தாதியாகப் பயில, வாகனம் ஓட்டப் பழக உங்கள் மகள் கேட்டால், முடியாது என்று சொல்லுமுன் ஒரு தடவை யோசியுங்கள். நீங்களே கற்க விரும்பினாலும் அப்படித்தான்.

அடுத்த இதழில் சந்திப்போம்.