இலையின் இராச்செலவு

சென்ற திங்கள் வேரைப்பற்றி எழுதியதைப் படித்த அன்பர் ஒருவர், "இரவில் வெயிலில்லையே, அப்போது செடி எதை உண்கிறது?" என்று வினவியிருந்தார். இராப்பணி பார்க்கும் ரயில்வே குமாஸ்தாவிடம் கேட்கத்தக்க கேள்விதான்.

பகலில் இலை ஆக்கும் சர்க்கரை முழுவதும் உடனே வேருக்கும் தளிருக்கும் போய்விடுவதில்லை. ஒரு பகுதியை மாவுச்சத்தாகத் திரட்டித் தன் பசுங்கணிகங்களுக்குள் வைத்துக்கொள்கிறது. 1860-களில் ஜெர்மானிய அறிஞர் ஜூலியஸ் சாக்ஸ் அயோடினைக்கொண்டு இதைக் காட்டினார். பச்சை நீக்கிய இலையை அயோடின் கரைசலில் இட்டால், மாலையில் பறித்தது கருநீலமாகும். விடியலில் பறித்ததோ வெளிறியே நிற்கும்.

இராப்பொழுதில் அதைக் கரைப்பவை நொதிகள். மாவுமணி இறுகியது, நீரில் எளிதில் கரையாது. ஆகவே முதலில் ஒரு நொதி அதன் மேற்புறத்தில் பாஸ்பேட்டை ஒட்டி நெகிழச் செய்கிறது. பின்னர் பீட்டா அமிலேஸ் என்னும் நொதி, சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸ் அலகுகளாக நறுக்கி மால்டோஸாக்குகிறது. அது வெளியேறி, வேறு நொதிகளால் மாற்றமடைந்து செடிக்கு உணவாகிறது. அந்த முதல் நொதி குறைபட்ட செடிகளும் உண்டு. அவற்றின் இலையில் மாவு மண்டிக் கிடக்கும். செடியோ இரவில் பட்டினியுற்று வளர்ச்சி குன்றும். குதிர் நிறைய நெல்லிருந்தும் திறவுகோல் தொலைந்த வீடு!

அராபிடாப்சிஸ் என்னும் கடுகினச் சிறுசெடியில் இவ்விருப்பு இரா முழுதும் சீராகச் செலவாகி, விடியும் தறுவாயில் ஏறக்குறையத் தீர்கிறது. இங்கிலாந்தில் நார்விச் நகரத்து ஜான் இன்னெஸ் ஆய்வு நிலையத்தார், பன்னிரண்டு மணி நேரப் பகலுக்குப் பழகிய செடியை எட்டாம் மணியிலேயே இருளில் வைத்துப் பார்த்தனர். இருப்போ குறைவு, இரவோ நெடிது. செடி அன்றிரவே செலவைச் சுருக்கி, வழக்கமான விடியல் வரை மாவை வரச் செய்தது! இருப்பை எஞ்சிய மணிகளால் வகுக்கும் கணக்கு இதிலுள்ளது என்று அவர்கள் 2013-இல் எழுதினர்.

நானும் வகுத்தல் கணக்குப் பயின்றவன்தான். ஊருக்கு அனுப்பியது போக எஞ்சும் சம்பளத்தை முப்பதால் வகுத்து எழுதியும் வைக்கிறேன். இருபதாம் தேதிக்குமேல் அது எட்டியதில்லை.

இலையும் ஏமாறுவதுண்டு. 28 மணி நேரத்தை ஒரு நாளாக்கி அச்செடியை வளர்த்தபோது, அது பழைய கணக்குப்படி 24-ஆம் மணியளவிலேயே இருப்பைத் தீர்த்துவிட்டது. விளக்கு எரியும் வரை அதற்குப் பட்டினிதான்.