செத்தது சின்ன பேட்டரி, பழி பெரிய பேட்டரி மேல

நம்ம குடும்பங்கள்ல பழைய ஹைபிரிட் கார் பெரும்பாலும் ஒரே வழியிலதான் கை மாறுது. அப்பா ரிடையர் ஆகுறதுக்கு முன்னாடி ஆசையா வாங்கின 2007 அல்லது 2008 டொயோட்டா பிரியஸ். அவருக்கு ஓட்டம் குறைஞ்சதும் நம்ம வீட்டு இரண்டாவது வண்டி ஆகும். அப்புறம் லைசென்ஸ் எடுத்த பிள்ளை கைக்குப் போகும். ஒரு நாள் காலையில சாவியோட பக்கத்துல போய் நின்னா கதவு திறக்காது. எப்படியோ உள்ளே போய் பட்டனை அழுத்தினா டாஷ்போர்டு மங்கலா மினுக்கிட்டு அணைஞ்சிடும். உடனே வீட்ல ஒரே பேச்சு: "ஹைபிரிட் பேட்டரி போச்சு. இனி இந்த வண்டிக்குச் செலவு பண்றது வேஸ்ட்."

பெரும்பாலும் போனது அந்த பேட்டரி இல்லை.

இந்த வண்டியில ரெண்டு பேட்டரி உண்டு. 2004 முதல் 2009 வரை வந்த பிரியஸ்ல பெரியது 201.6 வோல்ட், பின் சீட்டுக்குப் பின்னால இருக்கு. சின்னது வழக்கமான 12 வோல்ட். அது பானெட்டுக்குள்ள இல்லை, டிக்கியில வலது மூலையில ஒளிஞ்சிருக்கு. எஞ்சினைச் சுழற்றி எழுப்புற வேலை பெரியதோடது. சின்னதுக்கு இருக்கிற வேலை கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியை வண்டியோட இணைக்கிற ரிலேக்களை மூடுறது மட்டும்தான். அந்தச் சின்ன வேலை நடக்கலைன்னா 201 வோல்ட் இருந்தும் பிரயோஜனம் இல்லை. பீரோ நிறைய நகை, சாவியைக் காணோம்ங்கிற கதைதான்.

பெரிய பேட்டரியை மாத்த ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். சின்னதுக்கு அதுல ஒரு சிறு பங்குதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல, வண்டியைப் பார்க்காமலே ஃபோன்ல "ஹைபிரிட் பேட்டரிதான்"னு சொல்லிட்டாங்க ஒரு ஒர்க்‌ஷாப்ல. தாத்தா வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்துடலாம்னு முடிவே பண்ணிட்டார். வண்டி போனா அவரோட நூலகமும் காய்கறிக் கடையும் போச்சு. எங்கே போகணும்னாலும் மகளைத்தான் கேட்கணும். மகள் ஒரு மல்டிமீட்டரை வாங்கிவந்து அளந்தாள். 10.9 வோல்ட். புது 12 வோல்ட் பேட்டரி போட்டாங்க. தாத்தா இன்னும் ஓட்டிட்டு இருக்கார்.

வித்தியாசம் கண்டுபிடிக்கிறது பெரிய வித்தை இல்லை. கதவு திறக்கலை, டிக்கி திறக்கலை, விளக்கு மங்கல், பட்டனை அழுத்தினதும் எச்சரிக்கை விளக்கெல்லாம் தீபாவளி மாதிரி ஒண்ணா எரியுதுன்னா முதல் சந்தேகம் சின்னது மேலதான். பெரியது கெட்டுப்போனா வண்டி வழக்கமா விழித்துக்கொள்ளும். சிவப்பு முக்கோணம் எரியும், சார்ஜ் காட்டுற கோடுகள் சட்டுனு ஏறி இறங்கும், கம்ப்யூட்டர்ல பி0ஏ80ன்னு ஒரு கோடு பதிவாகியிருக்கும். அந்தக் கோடைப் பார்க்காம யாரும் உங்ககிட்ட பெரிய பேட்டரி விலை பேசினா, வண்டியைத் திருப்பிக்கோங்க. மல்டிமீட்டர் கணக்கும் சுலபம். வண்டி அணைஞ்சு சில மணி நேரம் ஆன பிறகு 12.6 இருந்தா நல்ல நிலை. 12.0ன்னா கிட்டத்தட்ட காலி.

சரி, வண்டி செத்துக் கிடக்கு, என்ன செய்யணும்? சாவிக்கொத்துக்குள்ள ஒரு உலோகச் சாவி ஒளிஞ்சிருக்கும். அதால ஓட்டுநர் கதவு திறக்கும். பானெட் நெம்புகோலுக்கு மின்சாரம் வேண்டாம். பானெட்டுக்குள்ள ஃபியூஸ் பெட்டியைத் திறந்தா, சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இருக்கும் (அமெரிக்கா, கனடா வண்டிகள்ல ஓட்டுநர் பக்கம்). சிவப்புக் கிளிப் அதுக்கு, கறுப்பு வண்ணம் பூசாத வெற்று உலோகத்துக்கு. மாத்திப் போட்டா ஃபியூஸோட நிற்காது, இன்வர்ட்டர் வரைக்கும் செலவு இழுக்கும். அதனால ரெண்டு தடவை பாருங்க. பிரேக்கை மிதிச்சுப் பட்டனை அழுத்தினதும் 'ரெடி' விளக்கு வந்தாப் போதும். கம்ப்யூட்டரை எழுப்புற அளவு மின்சாரம்தான் தேவைங்கிறதால உள்ளங்கை அளவு ஜம்ப் பேக்கே போதும். அதை டிக்கியில மட்டும் வைக்காதீங்க! டிக்கி பூட்டு மின்சாரத்துல திறக்கிறது. முன்னாடி டேஷ்போர்டு அறையில வைங்க.

எழுந்த வண்டியை 'ரெடி'யில ஒரு மணி நேரம் விடுங்க, சின்னது சார்ஜ் ஆகும். ஆனா மூடின கராஜுக்குள்ள ஒருபோதும் வேண்டாம். சத்தமில்லாம நிக்கிற வண்டின்னு நினைப்போம், பெரிய பேட்டரி இறங்கினதும் எஞ்சின் தானா ஓட ஆரம்பிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கராஜை ஒட்டித்தான் நம்ம வீடும் இருக்கு.

சின்னப் பிள்ளை உள்ளே இருக்கிறப்போ வண்டி செத்தா, முதல்ல பிள்ளையை வெளியே எடுங்க, வண்டியை அப்புறம் பார்க்கலாம். கண்ணாடி இறங்காது, ஏசி வராது. பின் கதவுல சைல்ட் லாக் போட்டிருந்தா, ஓட்டுநர் கதவு வழியா கைவிட்டுப் பூட்டை விலக்கி, வெளிக் கைப்பிடியால திறக்கணும்.

கோவில் பார்க்கிங்ல வேற ஒருத்தர் வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா நம்ம பிரியஸ்ல இருந்து கரண்ட் கொடுக்காதீங்க. மனசு கேட்காதுதான், ஆனா அந்த வண்டி எஞ்சின் சுழல இழுக்கிற பாரத்துக்கு இதோட சின்ன பேட்டரியைச் செய்யலை. ஜம்ப் பேக்கைக் கொடுத்து உதவுங்க.

அடிக்கடி சாகுதுன்னா புதுசு போடுற நேரம் வந்தாச்சு. பயணிகள் இருக்கிற அதே அறைக்குள்ள இருக்கிறதால ஏஜிஎம் வகைதான் வாங்கணும், வாயு வெளியேறுற சின்னக் குழாயை மறக்காம மாட்டணும். கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல. ஆரஞ்சு நிறக் கம்பி எங்கே தெரிஞ்சாலும் கை வேண்டாம், அது பெரியவரோட எல்லை.

அம்மா அப்பா மார்கழிக்கு ஊருக்குப் போய் பங்குனிக்குத்தான் திரும்புறாங்கன்னா, நிக்கிற வண்டிதான் பேட்டரியைத் தின்னும். குளிர் வேற சேர்ந்துக்கும். நெகட்டிவ் முனையைக் கழட்டி வைக்கலாம். இல்லைன்னா வாரம் ஒரு தடவை போய் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க. அவங்க வீட்டுச் செடிக்கும் தண்ணி ஊத்தினா மாதிரி ஆச்சு.

பிள்ளைக்கு வண்டியைக் கொடுக்கிறதுக்கு முந்தின சனிக்கிழமை, பகல்ல, ஒரு தடவை அவங்க கையாலேயே செய்ய வைங்க. உலோகச் சாவி, கதவு, பானெட், சிவப்பு மூடி. பத்து நிமிஷம் ஆகும். ஃபோனைப் பார்க்காம செய்யச் சொல்லுங்க, நிஜத்துல அதுலயும் சார்ஜ் இருக்காது.