ஏரியை விழுங்கும் சட்டம்

2023-ஆம் ஆண்டு ஏப்பிரல் 21-ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டவரைவுகளுள் இரண்டு, உழைப்போரை நேரே தாக்குவன. ஒன்று, ஆலைத் தொழிலாளியின் வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணியாக நீட்ட வழிவிடுவது. மற்றொன்று, 'நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான)' என்னும் பெயர் தாங்கியது. முன்னதை எதிர்த்துத் தொழிலாளர் கழகங்கள் கொதித்தெழுந்தன. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. பின்னதோ, கலந்தாய்வே இன்றி நிறைவேறிச் சட்டமும் ஆயிற்று. தொழிலாளர் முதுகில் விழவிருந்த அடி தடுக்கப்பட்டது. உழவர் வயிற்றில் விழுந்த அடி பலர் செவிக்கு எட்டவும் இல்லை.

'ஒருங்கிணைப்பு' என்னும் சொல்லைப் பாருங்கள்! ஓர் உழவர்க்குச் சிதறிக் கிடக்கும் துண்டு நிலங்களை ஒருசேர்த்துத் தருவதே நில ஒருங்கிணைப்பு. வேளாண்மைக்கு உதவும் நற்செயல் அது. இச்சட்டமோ, நூறு எக்டேருக்குக் குறையாத பரப்பில் ஏரியும் ஓடையும் கால்வாயும் உள்ளடங்க அமையும் ஒன்றைச் 'சிறப்புத் திட்டம்' என்று அரசே அறிவித்துக்கொள்ள இடந்தருகிறது. வல்லுநர் குழு ஆய்ந்து அறிக்கை தருமாம். அக்குழுவை அமர்த்துவதும் அதே அரசுதான்! பறிப்புக்கு ஒருங்கிணைப்பு என்று பெயரிடுவது நிலத்திற்கு மட்டுமன்று, தமிழுக்கும் செய்யும் இரண்டகம்.

இதற்கு முன்னும் வேலி பிரிக்கப்பட்டதுண்டு. இந்திய அரசின் 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், பன்முறை விளையும் பாசன நிலத்தை எடுப்பதற்கு ஓரளவேனும் தடையிட்டது. மக்கள் வாழ்வுக்கு நேரும் பாதிப்பை முன்னரே ஆய்தல் வேண்டும் என்றது. அத்தடைகளினின்று தப்பத் தமிழ்நாட்டு அரசு தன் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நிலமெடுப்புச் சட்டத்தைக் கேடயமாகப் பிடித்தது. 2019-இல் சென்னை உயர் வழக்குமன்றம் அது செல்லாது என்றது. அவ்வாண்டே புதுச்சட்டம் இயற்றி அதற்கு உயிரூட்டினர். 2021-இல் உச்ச வழக்குமன்றமும் அதனை ஏற்றது. 2019-இல் ஆண்டது ஒரு கட்சி, 2023-இல் ஆண்டது அதன் எதிர்க்கட்சி. நிலம் பறிப்பதில் மட்டும் இரண்டற்கும் என்ன உடன்பிறப்பு உறவோ!

சுங்குவார்சத்திரத்துக்கு மேற்கே பரந்தூரில் வானூர்தி நிலையம் வருமென 2022 ஆகத்தில் அறிவித்தனர். பதின்மூன்று ஊர்கள், ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். வயலும் ஏரியுமாய்க் கிடக்கும் அப்பரப்பின் ஊடே, பாலாற்று நீரைத் திருப்பெரும்புதூர் ஏரிவரை கொண்டுசெல்லும் கம்பன் கால்வாய் ஓடுகிறது. அந்நாட்டு ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. மேலேரியின் கலங்கல் வழிந்தால் கீழேரி நிறையும். இடையில் ஒன்றைத் தூர்த்தால் மழைநாளில் மேலூர் மூழ்கும், கோடையில் கீழூர் காயும். 2015 திசம்பரில் சென்னை நீரில் மிதந்ததைக் கண்ட பின்னும் இப்பாடம் ஏறாதோர்க்கு என்ன சொல்வது? ஏகனாபுரத்தார் ஆயிரம் நாள்களுக்கு மேலாக இரவுதோறும் கூடி எதிர்ப்புரைத்தனர். ஊர்மன்றத்தில் மீண்டும் மீண்டும் தீர்மானம் இயற்றினர். 2024 நாடாளுமன்றத் தேர்தலையும் புறக்கணித்தனர். 2025 ஏப்பிரலில் இந்திய அரசு கொள்கையளவில் இசைவளித்தது.

"ஆலை வேண்டாவா? வேலை வேண்டாவா?" என்பர். திருப்பெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். கட்டடம் பின்னர் வேறு நிறுமத்திற்குக் கைமாறியது. நிலம் வயலுக்குத் திரும்பவில்லை. 'சத்திரம்' வடசொல், அறச்சாலை என்பதே நம் சொல். எச்சொல்லாயினும், வழிப்போக்கர்க்குச் சோறிட்ட இடம் என்பது பொருள். அப்பெயர் தாங்கிய ஊரின் நெடுஞ்சாலையில்தான், விடுதியில் கெட்ட உணவுண்டு நலங்குன்றியவர்களுக்காக, 2021 திசம்பரில் பாக்சுகான் ஆலைப் பெண்கள் மறியலில் அமர்ந்தனர். அங்குள்ள சாம்சங்கு ஆலைத் தொழிலாளர், தம் கழகத்திற்கு ஏற்புப் பெறுவதற்கே 2024 செப்தம்பர் 9 முதல் ஒரு திங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. நிலத்தைப் பறித்துத் தந்த வேலையின் அருமை இது!

'தமிழ் வாழ்க' என்று அரசுக் கட்டடங்களின் நெற்றியில் ஒளியெழுத்துப் பொறித்தால் போதுமா? மதகு, கலங்கல், கழனி என்னும் சொற்கள் அகரமுதலியில் மட்டும் வாழ்வதற்கா தமிழ்? 2023-ஆம் ஆண்டு நில ஒருங்கிணைப்புச் சட்டம் முற்றாக நீக்கப்படல் வேண்டும். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிப் பாசன நிலம் எடுப்பது நிறுத்தப்படல் வேண்டும். மே முதல் நாளில் வென்ற தொழிலாளர் கழகங்களும் உழவரோடு வந்து நிற்றல் வேண்டும்; சுங்குவார்சத்திரத்து ஆலை வாயிலுக்கும் ஏகனாபுரத்துப் பந்தலுக்கும் தொலைவு மிகுதியன்று.