மரக்காணம் கடற்கரையும் மாறிக்கிட்டே இருக்கும் மாறிலியும்

டிஸ்கி: இது இயற்பியல் பதிவு. சமன்பாடு ஒண்ணுகூட இல்லை. பயப்படாம படிக்கலாம் :)

போன மாசம் மரக்காணத்துல அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா காலத்துல இருந்தே அவங்களுக்கு உப்பளத்துலதான் பிழைப்பு. சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் மக புத்தகத்தையும் செல்போனையும் தூக்கிக்கிட்டு வந்து நின்னா.

"சித்தப்பா, இந்தியாவோட கடற்கரை 7516 கிலோமீட்டர்னு புக்குல இருக்கு. போன்ல 11,098னு வருது. எது சரி?"

அண்ணன் முந்திக்கிட்டார். "கடல் உள்ள வருதுல்ல, அதான் கூடியிருக்கும்."

"ரெண்டுமே சரிதான்"னு சொன்னேன். "இப்படி எழுதினா மார்க் போடமாட்டாங்க"ன்னு முறைச்சா. அன்னைக்கு அவகிட்ட பாதியில விட்ட பதில்தான் இந்தப் பதிவு.

7516.6 கி.மீ. என்பது 1970களில் எடுத்த கணக்கு. 45 லட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய வரைபடத்துல அளந்தது. அதாவது வரைபடத்துல ஒரு சென்டிமீட்டர்னா தரையில 45 கி.மீ. உள்துறை அமைச்சகத்தோட 2023-24 ஆண்டறிக்கையில் வந்த புதுக் கணக்கு 11,098.81 கி.மீ. இதுக்கு எடுத்துக்கிட்ட வரைபடத்துல ஒரு சென்டிமீட்டர்னா இரண்டரை கி.மீ.தான். முன்னாடி தெரியாத வளைவு, கழிமுகம், உப்பங்கழி எல்லாம் இப்போ கணக்குல வந்துடுச்சு. கடல் வளரலை, அளவுகோல்தான் சின்னதாச்சு. இன்னும் சின்ன கோலால அளந்தா நீளம் இன்னும் கூடும். ரிச்சர்ட்சன் இதைக் கவனிச்சு எழுதி வெச்சதை எடுத்துத்தான் மாண்டல்ப்ராட் 1967ல் பிரிட்டன் கடற்கரையோட நீளம் எவ்வளவுன்னு ஒரு கட்டுரை எழுதினார்.

இப்போ கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். கல்லூரியில குவாண்டம் புலக் கோட்பாடு எட்டிப்பார்த்தப்போ எங்க வாத்தியார் சொன்னது இதுதான்: "கணக்குப் போட்டா முடிவிலி வரும். அதைக் கழிச்சிடணும். ஏன்னு கேட்காதே." ரீநார்மலைசேஷன்னா ஏதோ கள்ளக்கணக்குன்னே பல வருஷம் நினைச்சிருந்தேன். நான் மட்டும் இல்லைங்க, பால் டிராக் மாதிரி மேதையே கடைசிவரைக்கும் அதை ஏத்துக்கலை.

ஆனா விஷயம் நம்ம கடற்கரை மாதிரிதான். எலக்ட்ரானைச் சுத்தி இருக்கிற வெற்றிடம் சும்மா இல்லை. எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடிகள் கணநேரம் தோன்றி மறைஞ்சு அதோட மின்னூட்டத்தைக் கொஞ்சம் மறைக்குது. தூரத்துல இருந்து பார்த்தா மின்விசையின் வலிமை சுமார் 137ல் ஒரு பங்கு. புரோட்டானின் ஆரத்துல சில நூறில் ஒரு பங்கு தூரத்துக்கு நெருங்கிப் பார்த்தா (ஜெனீவாவுல 27 கி.மீ. சுரங்கத்துல இருந்த லெப் மோதியின் ஆற்றல் அந்த அளவு) அது கிட்டத்தட்ட 128ல் ஒரு பங்கு. பேரு என்னவோ 'நுண்ணமைப்பு மாறிலி'!

அப்போ முடிவிலி எங்கிருந்து வந்துச்சு? தூரம் பூஜ்யம் வரைக்கும் நமக்கு எல்லாம் தெரியும்னு பாவனை பண்ணதுல இருந்து. கடற்கரையில அளவுகோலைக் குறைச்சுக்கிட்டே போனா ஒரு கட்டத்துல மணல் துகளும் நுரையும்தான் மிஞ்சும். 'கரை'ங்கிற சொல்லுக்கே அங்க அர்த்தம் இல்லை. கென்னத் வில்சன் 1971ல் காட்டின வழி நேர்மையானது. ஒரு கோட்டைக் கிழிச்சுக்கோ. அதுக்குக் கீழே நடக்கிறதோட விளைவையெல்லாம் சில எண்களுக்குள்ள அடக்கு. அந்த எண்களைச் சோதனையில அளந்துக்கோ. கோட்டை நகர்த்தினா எண்கள் மாறும், ஆனா ஒழுங்கான விதிப்படி மாறும். சோதனையில பார்க்கிற முடிவு மாறாது. அந்த விதிதான் ரீநார்மலைசேஷன் குரூப். 1982ல் வில்சனுக்கு நோபல் கிடைச்சுது.

இதுல முக்கியம் எண் இல்லை, எண் மாறுற விதம். அதே புதுக் கணக்குல தமிழ்நாட்டுக் கரை 906.9ல் இருந்து 1068.69 ஆச்சு, 18 சதவீதம்தான் ஏற்றம். குஜராத் 1214.7ல் இருந்து 2340.62, ஏறக்குறைய ரெட்டிப்பு. நம்மூரு கரை பெரும்பாலும் நேரா ஓடுற மணல். அங்க வளைகுடாவும் கழியும் அதிகம். மாற்றத்தைப் பார்த்தே கரையோட குணம் தெரியுதில்ல? விசைகளும் அப்படித்தான். மின்விசை நெருங்க நெருங்கக் கூடும். குவார்க்குகளைக் கட்டிவெச்சிருக்கிற வலுவிசை நெருங்க நெருங்கக் குறையும். கிராஸ், வில்செக், பொலிட்சர் மூணு பேரும் 1973ல் இதைக் கண்டுபிடிச்சு 2004ல் நோபல் வாங்கினாங்க. (உவமையை ரொம்பவும் இழுக்க முடியாது. மின்விசை ஏறுறது கடற்கரை நீளம் மாதிரி வேகமா இல்லை, ரொம்ப மெதுவா.)

இனி என் கருத்து. "மின்னூட்டமே மாறுதாம், அறிவியல்ல எதுவும் நிச்சயம் இல்லை"ன்னு பேசுறவங்களுக்கு இதுல இடமே இல்லை. எப்படி மாறும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு, அளந்து சரிபார்த்திருக்காங்க. அதே மாதிரி "எல்லாம் வெறும் துகள்தான், மத்ததெல்லாம் மேலோட்டம்"னு சொல்றவங்களுக்கும் இடமில்லை. தண்ணியும் ஆவியும் வித்தியாசம் இல்லாம போற 374 டிகிரி நிலையில, தண்ணியோட மூலக்கூறு பத்தின விவரம் பெரும்பாலும் உதிர்ந்துபோகுது. சில வகைக் காந்தங்களும் அங்க தண்ணி மாதிரியே அதே எண்களோட நடந்துக்குது. மேல்தளத்துக்குன்னு தனி விதி உண்டு, அதுவும் அசல்தான்.

இதை எழுதறதுக்குக் காரணம் பெரியப்பா. பன்னிரண்டாவது படிக்கும்போது அவர்கிட்ட சோடியம், குளோரின்னு அளந்துவிட்டு, "உங்களுக்கு உப்புன்னா என்னன்னே தெரியாது"ன்னு சொன்னேன். அவர் கோவப்படலை. பாத்தித் தண்ணி மேல மெல்லிசா ஆடை கட்டுறதைக் காட்டி, "நாளைக்கு வாரலாம்"னார். எப்போ உப்பு விழும், எப்போ மிச்சத் தண்ணியை வெளியேத்தலைன்னா உப்பு கசந்துடும்னு அவருக்கு அத்துப்படி. ஒரு அயனியும் தெரியாமலே அவர் கணக்கு தப்பினதில்லை. அவர் அளவுகோல்ல அவர் அறிவு முழுசா இருந்துச்சு. எந்த அளவுகோல்ல பேசறேன்னு தெரியாம உளறினது நான்தான். இதை அவர் உயிரோட இருக்கும்போது சொல்லியிருக்கணும்.

அண்ணன் மக மார்க்குக்காக 7516ன்னே எழுதினா. பக்கத்துல பென்சிலால சின்னதா '1 செ.மீ. = 45 கி.மீ.'ன்னு போட்டிருந்தா. டீச்சர் என்ன சொன்னாங்கன்னு இன்னும் கேட்கலை.

இயற்பியல் தெரிஞ்சவங்க தப்பு இருந்தா பின்னூட்டத்துல தாராளமா குட்டுங்க.